சாமிப் படத்தடியில் வைத்த பழைய சிம்

பிள்ளைகளே, பெரிய நிறுவனத்தின் வலையமைப்பிலேயே ஓடும் மலிவான போன் சேவை ஒன்றுக்கு மாறினேன். வந்த புது சிம் அப்போது இன்னும் இயங்கத் தொடங்கியிருக்கவில்லை.

"ராகுகாலம் வரப்போகுது, கெதியாப் போடுங்கோ" என்றாள் மனைவி. போட்டேன். இன்னும் வேலை செய்துகொண்டிருந்த பழையதைச் சாமிப் படத்தடியில் வைத்தேன்.

அன்று மாலை கால்வாய்க்கரையில் மகள் துளசி சைக்கிளோடு விழுந்து, தலையில் அடிபட்டு மயங்கினாள். அவசர உதவிக்கு 112 அடித்தேன். போகவில்லை. இயங்காத சிம்மில் ஜெர்மனியில் அந்த எண்ணும் எடுபடாதென்று எனக்குத் தெரியாது. "ஆராவது வாங்கோ!" என்று தமிழிலேயே கத்தினேன். நாயோடு வந்த ஒரு பெண்மணி தன் போனில் அழைத்தார்.

துளசி பிழைத்தாள். இடது காது இன்னும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் சிம் மாற்றினால், புதியதில் பேச முடியும்வரை பழையதைக் கையோடு வைத்திருப்பேன். வெளியே புறப்படும்போதெல்லாம் துளசி கேட்பாள்: "அப்பா, உங்கட போன் வேலை செய்யுதோ?"

"ஓம் குஞ்சு" என்று அவளுடைய வலது பக்கம் போய் நின்று சொல்வேன்.