வாசலுக்கு வெளியே எண்ணிய ஆய்வுகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட யோகானா எமோருட், சைக்கிளில் மரவள்ளி மூட்டை சுமந்தே சொரோட்டி ஊர்ப் பக்கம் முப்பது ஏக்கர் சேர்த்தவர். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான் அவரிடம் வந்து நின்றார்கள். கிழங்கு அழுகலைத் தாங்குவது எந்த ரகம் என்று பார்க்க, அவர் நிலத்தில் ஏழு ரகம் நட்டு, இரண்டு வருஷம் அவர் வீட்டுக் கேழ்வரகுக் களியைத் தின்றுவிட்டு, கிழங்கையெல்லாம் அவர்களே தோண்டிக்கொண்டு, முடிவைச் சொல்லாமலே வெளிநாடு பறந்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால், "கட்டுரையா வந்திருக்கு பெரியவரே, உலகமே படிக்கலாம்" என்றார்கள். அவர் போனில் மட்டும் அது கடவுச்சொல் கேட்டது. மழையோ நெருங்கிவிட்டது. போன வருஷம்போலத் தப்பான குச்சியை நட்டால் முப்பது ஏக்கரும் அழுகும்.

அன்று பல்கலைக்கழகத்தில் விழா. நிலம் கொடுத்தவர் என்று அவரை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். நூலக அதிகாரி அகிடெங் குதிகால் செருப்பில் மேடையேறினாள்.

"நம்ம ஆய்வுகள்ல நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு எல்லாருக்கும் திறந்தாச்சு! ஒவ்வொண்ணையும் நானே திறந்து பார்த்தேன்."

கைதட்டல். எமோருட் எழுந்தார். "அம்மா, என் மரவள்ளியைத் திற."

திரையில் முதல் பக்கம் பளிச்சென்று வந்தது. உடனே மூடினாள். "பார்த்தீங்களா?"

"என் போன்ல ஏன் வரல?"

"நீங்க வெளியாளு, பெரியவரே. இங்க பல்கலைக்கழக இணையம். சந்தா இருக்கு, தானா திறக்கும்."

"நீ எங்க உக்காந்து பார்த்தே?"

"என் அறையில."

"வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, வெளியில நிக்கிறவனுக்குக் கதவு திறக்குதான்னு பார்த்தியாக்கும்! இதுக்கு எத்தனை வருஷம் படிச்சே?"

"பதினெட்டு."

"எனக்கு மூணே போதும். வா."

துணைவேந்தர் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியவில்லை. வாசலுக்கு வெளியே, கிழங்கு சுடுகிறவள் பக்கத்தில் நின்று, அவர் போனில், திறந்தாச்சு என்று சொன்ன பட்டியலின் முதல் பத்தைத் தட்டினாள். இரண்டு திறந்தன. மரவள்ளி திறக்கவில்லை.

"உள்ள ஓடிப்போய் எந்த ரகம் தாங்குச்சுன்னு பார்த்துட்டு வா."

"செருப்பு கடிக்குது, பெரியவரே."

"கழட்டு. வெறுங்காலோடதான் நான் முப்பது ஏக்கர் சேர்த்தேன்."

ஓடினாள், மூச்சிரைக்கத் திரும்பினாள். "நாலாவது ரகம்."

நாலாவது! அவர் வேலியோரம் ஊன்றிவைத்து ஆளுயரம் நிற்பது. போனைப் பிடுங்கி, குச்சி வெட்ட ஆட்களுக்குச் சொன்னார். பிறகு சைக்கிளில் ஏறினார்.

"பத்துக்கு ரெண்டுன்னு எழுதிக்கோ. மிச்சத்தையும் உன் போன்ல, இங்கேயே நின்னு எண்ணு."

திருப்பத்தில் திரும்பிப் பார்த்தார். பதினெட்டு வருஷப் படிப்பு, வெயிலில் வெறுங்காலோடு போனைத் தட்டிக்கொண்டிருந்தது.