ஸ்டீயரிங் இல்லாத வண்டி

மறுநாள் பறக்க வேண்டியிருந்தால், சகாயராணி சாயங்காலமே மாடிக்கு ஏறி, தாராவியில் குயவர்கள் வாழும் கும்பர்வாடாவின் சூளைப்புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். தாராவியின் புகைக்கும், அவர் பலூன் ஓட்டும் லோனாவலாவின் காற்றுக்கும் என்ன உறவு என்று கேட்டேன். "ஒண்ணும் கெடையாது. பாக்காட்டி ஒறக்கம் வராது, அவ்வளவுதான்" என்றார்.

அவர் ஓட்டுவது ஊதித் தருகிற பலூன் அல்ல. கூடையில் எட்டுப் பேரை நிறுத்தி, தலைக்கு மேலே நெருப்பை எரித்து, சூடான காற்றின் தயவில் பறப்பது. இதைத் தெருவுக்கு விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டார். சர்ச்சில் பக்கத்தில் உட்காரும் கிளாரா, பேரனின் பிறந்தநாளுக்கு நீலத்தில் இருபது, தங்கக் கலரில் இருபது என்று இன்றும் அவரிடம்தான் ஆர்டர் கொடுக்கிறார். சகாயராணி கடையில் வாங்கிக் கொடுத்தும் விடுகிறார். "லைசென்ஸ் வச்சிருக்கேம்னா, பலூனுக்கு எதுக்குட்டி லைசென்ஸுங்கா."

முதலில் அந்தக் கம்பெனியில் அவர் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டு பைலட் ஊருக்குப் போய்த் திரும்பாததால், படித்துத் தேர்வெழுதி அந்த இடத்துக்கு வந்தார். பலூனை ஏற்றலாம், இறக்கலாம். எந்தப் பக்கம் போவது என்பது காற்றின் விருப்பம். பயணிகள் இதை நம்புவதில்லை. ஆட்டோவில் ஏறியவர்களைப் போல "அந்த ஏரிக்கிட்ட லெஃப்ட் எடுங்க" என்று கை காட்டுவார்கள்.

முதலாளி மகேஷ்குமாருக்கு வானிலை இரண்டே வகை: முன்பதிவு ஆனது, ஆகாதது. சகாயராணி காற்றைப் பார்த்துவிட்டு ரத்து செய்த காலைகளில் பாதி, வேண்டுமென்றே அழகாக விடிந்து அவர் மானத்தை வாங்கியிருக்கிறது. போன மார்ச்சில் அடுத்தடுத்து அப்படி நடந்ததும், பயப்படாத பைலட் ஒருவன் தனக்குத் தெரியும் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதற்கடுத்த காலை, மாட்டுங்காவிலிருந்து நகுலும் சாதனாவும் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோவுக்காக வந்திருந்தார்கள். பிற்பகலில் மழை வரலாம் என்று வானிலை அறிக்கை சொன்னது. காலையில் இலை அசையவில்லை. சகாயராணி கிளப்பிவிட்டார். "மனசில்லாமத்தான் ஏத்துனேன். அவன் சொன்னது காதுல கெடந்து கொடஞ்சிட்டு."

மேலே எல்லாம் விளம்பரத்தில் உள்ளபடியே இருந்தது. சாதனா பட்டுப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போட்டோக்காரர் வானத்தை நிறுத்தி வைத்துப் படமெடுத்தார். அப்போது சகாயராணி, எதிர்மலையின் அடிவாரம் புழுதியில் மறைவதைக் கண்டார். புழுதி இவர்கள் பக்கமே வந்தது. உடனே இறங்கப்போவதாகச் சொன்னார்.

நகுல் வாட்சைப் பார்த்தான். ஒரு மணி நேரம் என்று சொல்லித்தானே அழைத்து வந்தார்கள் என்றான். "ஒரு பத்து நிமிஷம் ஆன்ட்டி. இப்பதான் லைட் நன்னா வந்திருக்கு."

"தம்பி, போன உள்ள வைங்க. முதுகக் கூடையில சாச்சு, முட்டிய மடக்கி உக்காருங்க. நான் சொல்லாம ஒருத்தரும் வெளிய எறங்கக் கூடாது."

சூடான காற்றை வெளியேவிடும், பலூன் உச்சியில் உள்ள திறப்பின் கயிற்றை அவர் இழுத்தார். கூடை தண்ணீர் பாய்ச்சிய ஒரு வெங்காய வயலில் இடித்து, இழுபட்டு, பக்கவாட்டில் சாய்ந்தது. எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். யாருக்கும் காயமில்லை, பட்டுப் பாவாடை மட்டும் சேற்றைப் பூசிக்கொண்டது. அதன் விலையை நகுல் வயலுக்கே அறிவித்தான்.

ஜீப்பில் பின்தொடர்ந்து வந்த முகம்மது ஹனீபும் ஆட்களும் பலூன் துணியைச் சுருட்டத் தொடங்கியபோது காற்று வந்து அறைந்தது. செத்துக் கிடந்த துணி மூச்சு வந்ததுபோல் எழும்பிக் கூடையை இழுத்தது. துணியின்மேல் முதலில் குப்புற விழுந்து அமுக்கியது சாதனாதான். புருவத்தில் சேறும் வாயில் புழுதியுமாக, "நகுல், வந்து படு" என்றாள். அவனும் படுத்தான். பத்து நிமிடம் முன்பு கேட்ட பத்து நிமிடத்தைப் பற்றி அப்புறம் அவன் பேசவில்லை.

காற்று அடங்கியதும் மகேஷ்குமார் போனில் வந்தார். போட்டோக்காரர் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டாராம். கவிழ்ந்த கூடை பிரமாதமாக இருப்பதாகவும், அடுத்த சீசனில் இதை 'அட்வென்ச்சர் பேக்கேஜ்' என்று கூடுதல் விலைக்கு விற்கலாம் என்றும் சொன்னார். பயப்படாத பைலட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சகாயராணி "சரி சேட்" என்று போனை வைத்தார்.

ஹனீப் பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கி வந்து நீட்டினார். சகாயராணி கை நீட்டவில்லை.

"கீழ வைங்க பாய். சூடு ஆறட்டும்."

டீ ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது. ஹனீப் அதை வரப்பில் வைத்தார். சகாயராணி பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.