இடப்பக்கம் கிழிந்த நூல்

என் மகள் அரபு படித்த ஆய்வு மாணவி. கடலை விளைகிற ஊரில் பிறந்தவளுக்கு இதென்ன படிப்பு என்று கீழ்பென்னாத்தூரில் உள்ள எங்கள் சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள்.

திருவண்ணாமலையில் ஒரு பழைய பள்ளிவாசலில், நவாப் காலத்து வியாபாரி ஒருவர் வக்ஃபாக எழுதிவைத்த கையெழுத்து நூல்கள் இருக்கின்றன. விற்கக் கூடாது, பங்கு பிரிக்கக் கூடாது, படிக்க வருகிறவர்களுக்கு மட்டுமே என்பது ஏற்பாடு. அவற்றை வகைப்படுத்தும் வேலை அவளுக்கு. மூன்று பாகமுள்ள ஒரு நூலில் நடுப்பாகம் இல்லை என்று கண்டு சொன்னவளும் அவள்தான். அலமாரிச் சாவி அவளிடம் இருந்ததால் சந்தேகம் அவள்மேலேயே விழுந்தது. பள்ளிவாசல் செயலாளர் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். போலீசுக்குப் போகலாமா என்று கமிட்டியில் பேசுகிறார்கள் எனக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, செங்கம் சாலையில் பழம்பொருள் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். வெளிநாட்டுக்காரர்கள் உட்காரும் ஒரு காபிக் கடையில், பித்தளை விளக்குகளுக்கு நடுவே அது இருந்தது. சிவப்புத் தோல் அட்டை, உறைபோல மடிந்து மூடும் ஓரம். மகளின் போனில் பார்த்த மற்ற இரண்டு பாகங்களைப் போலவே! படபடப்போடு திறந்தேன். பள்ளிவாசல் முத்திரை இருக்கவேண்டிய முதல் தாளைக் காணோம். கிழித்த அடையாளம் மட்டும் இருந்தது.

ஆரணியில் ஒரு வீட்டில் வாங்கியதாகக் கடைக்காரர் சொன்னார். மகளுக்குப் போன் போட்டேன். அவள் செயலாளரையும் வரச்சொல்லிவிட்டு வந்துசேர்ந்தாள். அவர் ஸ்கூட்டரில் வந்து, எங்கள் முகம் பார்க்காமல் நின்றார்.

மகள் நூலைக் கையில் வாங்கியதும் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“அண்ணா, நீங்க கிழிச்சது கடைசிப் பக்கம். இது வலப்பக்கத்துலேருந்து ஆரம்பிக்கும்.”

திருப்பித் திறந்தாள். முத்திரை முழுசாக இருந்தது. கீழே, விற்கக் கூடாது என்ற வாசகம். அவள் விரல் வைத்துப் படிக்கப் படிக்க எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. நானும் இடப்பக்கம் திறந்துதானே கலங்கிப்போனேன்.

“பள்ளிவாசல் சாமான்னா மொதப் பக்கத்துல முத்திரை இருக்கும், எடுத்துடுன்னு யாவாரத்துல சொன்னாங்க” என்றார் கடைக்காரர். “கடைசில இருந்தத ஏதோ டிசைன்னு நெனச்சேன்.”

பிறகு, ஆரணி வீடு என்றது பொய்தான் என்று ஒப்புக்கொண்டு, கப்புகள் அடுக்கியிருந்த மர அலமாரியைக் காட்டினார். நூல் இதற்குள் இருந்ததாம். பல வருஷத்துக்கு முன் பள்ளிவாசலில் கூரை ரிப்பேர் நடந்தபோது இந்தப் பழைய அலமாரியை விலைக்கு எடுத்தாராம். அப்போது என் மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள்.

செயலாளர் அலமாரிக் கதவைத் தடவிப் பார்த்தார்.

“நான்தான் வித்தேன். அடி டிராயர் தெறக்கல. காலின்னு நெனச்சிட்டேன்.”

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அலமாரியின் முன் மண்டியிட்டிருந்தாள்.

“பாய், டிராயர முழுசா வெளிய இழுங்க. பின்னால இன்னும் ஏதாவது இருக்கும்.”

செயலாளரும் உட்கார்ந்து இழுக்கத் தொடங்கினார். சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.