அறுக்க வேண்டாத கட்டி

என் மூளையில் சின்னக் கட்டி இருக்கிறது. புற்று இல்லை, அறுக்க வேண்டாம், ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். பசுவந்தனையில் விவசாயம் பார்க்கும் என் அக்கா வீட்டுக்காரருக்கு இது பொறுக்கவில்லை. மழைக்கு முன்பே காய்ந்த கரிசலில் சோளத்தை விதைத்துவிட்டு, வாரக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வந்துவிட்டார், எனக்குப் புத்தி சொல்ல.

“சும்மா பாத்துக்கிட்டே இருக்கதுக்கு எதுக்கு மாப்ள டாக்டரு? தொறந்து எடுத்துர வேண்டியதான.”

“நீங்க வெதைச்சதைத் தெனமும் தோண்டிப் பாக்கீயளா, அத்தான்?”

“கிறுக்கா ஒனக்கு? தோண்டினா வெத செத்துரும்லா.”

தன் வாய் சொன்னது தன் காதுக்கே எட்டாத மனிதர். காப்பியை உறிஞ்சிவிட்டு, மண்டையைத் திறப்பதில் கைதேர்ந்த டாக்டர் ஒருவர் மதுரையில் இருப்பதாகச் சொன்னார்.