உள்ளங்கையில் வரைந்த அளவு

இப்போது கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எந்த ஒயர் எதற்கென்று சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டருக்குப் போவது விரல் தடிமன், முனையில் மூன்று பட்டைத் துளைகள். லேப்டாப் சார்ஜருக்குப் போவதில் மூன்றும் உருண்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய போன் சார்ஜர் ஒரு பக்கமாகத்தான் நுழையும், புதியதை எப்படிச் செருகினாலும் போகும். இத்தனையும் தெரிந்து என்ன பிரயோசனம்? தெரிய வேண்டிய அன்று மரமண்டையாக நின்றேன்.

மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றும் வேலைக்காகக் கல்வராயன் மலையில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தோம். என் மனைவிக்கு இளைப்பு நோய். மூச்சு முட்டும்போதெல்லாம் மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் சின்ன மெஷின் ஒன்று இருந்தது. மழை பிடித்த வாரத்தில் அதன் ஒயரை எலி கடித்துக் குதறிவிட்டது. ஒட்டுப் போட்டுப் பார்த்தேன், பொறி பறந்தது. வந்த கோபத்தில் அதைச் சுருட்டி ஓடையில் வீசிவிட்டேன். வெள்ளம் கொண்டு போய்விட்டது.

"மெஷினையே எடுத்துக்கினு போங்க. கடைக்காரரு பார்த்துட்டுக் குடுப்பாரு," என்றாள்.

"ஒரு ஒயரு வாங்க மெஷினைத் தூக்கிக்கினு போனா சிரிப்பானுங்க."

என்னுடையது பட்டன் போன், படம் எடுக்க வராது. போன் நம்பரையே உள்ளங்கையில் எழுதிப் பழகியவன் நான். மெஷினின் பின்னால் ஒயர் செருகும் குழியின் ஓரத்தை அதே போலப் பேனாவால் கையில் வரைந்துகொண்டேன். உள்ளே இருட்டில் தெரிந்த பின்களை எண்ணவில்லை.

பஸ் வளைவுக்கு வளைவு ஆடியது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே போய்க் கள்ளக்குறிச்சியில் இறங்கிக் கையை விரித்தால், வியர்வையில் நீலக் கறைதான் மிச்சம்.

"இன்னா மெஷினுங்க? எத்தினி பின்னு?" என்றார் கடைக்காரர்.

தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. வைத்தியத்துக்கான மெஷின் என்றால் பெரிய ஒயராகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டி, "மூணு," என்றேன்.

"எதுக்கும் ரெண்டு பின்னுதும் ஒண்ணு எடுத்துக்கினு போங்க. சேராததைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"எனக்குத் தெரியாதா?" என்று தடித்த ஒயரை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருகினேன். நுழையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழிக்குள் பொடிசாக இரண்டே பின்கள். அன்றைக்கு அதற்குப் பிறகு கீழே இறங்கும் பஸ் கிடையாது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடுங்க... நாளைக்கி... போயிக்கலாம்," என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்து. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இருட்டியதும் இளைப்பு முற்றிவிட்டது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். வந்தது, ஏற்றினோம். மலை இறங்குவதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண் தன் ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்து பக்திப் பாட்டு போட்டார். எல்லோரும் போன பிறகு பெட்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒயரைக் கழற்றினேன். முனையில் இரண்டே துளைகள்.

மெஷினை எடுத்துத் துடைத்து அந்த ஒயரைச் செருகினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சுவிட்சைப் போட்டதும் எப்போதும் போல உறுமியது. மாஸ்க்கிலிருந்து காற்று வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிறகு பெட்டியையும் ஒயரையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வாசலுக்கும் அவர் வாசலுக்கும் பத்தடி கூட இருக்காது. ஒயர் சேராமல் போன அன்று சாயங்காலம் அந்தப் பத்தடியைக் கூட நான் தாண்டவில்லை. இன்றுவரை அவரிடம் எதுவும் சொல்லவுமில்லை. சொன்னால், "ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனேண்ணா," என்பார். அதைக் காதில் வாங்க எனக்குத் திராணியில்லை.