பொய் சொன்ன வில்லை

நாகர்கோவிலில் பொறியியல் கடைசி ஆண்டு படித்தபோது, மண்ணின் ஈரத்தை அளக்கும் பீங்கான் சென்சாரை நானும் என் தோழியும் புராஜெக்டாக எடுத்தோம். அவள் இராஜாக்கமங்கலத்துக் கடற்கரைக்காரி. களிமண்ணில் மரத்தூள் கலந்து, நாணயம் அளவுக்கு வில்லை தட்டிச் சுட வேண்டும். தூள் எரிந்த இடமெல்லாம் நுண்துளையாகும். அதற்குள் ஈரம் ஏறினால் மின்சாரம் எளிதாக ஓடும். மீட்டரின் முள் வலப்பக்கம் நகரும். முதல் இரண்டு தடவை சுட்டதெல்லாம் வெடித்துப் போயிற்று. மூன்றாவதில் நான்கு வில்லைகள் பிழைத்தன.

அவற்றில் ஒன்றைத் தோவாளையில் என் அத்தையின் பிச்சிப்பூத் தோட்டத்தில் புதைத்தோம்.

"மண்ணுல காலை வச்சா ஈரம் தெரியாதா மக்கா, இதுக்குக் கம்பி வேணுமா?" என்றாள் அத்தை.

தோழி ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். முள் அசையவில்லை. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தோம். மெல்ல நடுங்கிய முள், பிறகு விறுவிறுவென்று வலப்பக்கம் ஏறியது. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் இருவரும் சேற்றில் விழுந்தோம். எழுந்து பார்த்தால், அத்தை அடுத்த குடத்தோடு நிற்கிறாள்.

"இன்னும் ஒருக்கா ஊத்தட்டா?"

மூன்று குடம் ஊற்றினாள். முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

மறுவாரம் கடற்கரையில் தோழி வீட்டு முற்றத்தில் இன்னொரு வில்லையைப் புதைத்தோம். சுட்டெரிக்கும் வெயில், மேல்மண் பொடிப்பொடியாகக் கிடந்தது. முள்ளோ மழைக்காலம்போல ஏறி நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"ஏட்டி, உப்பு. அதான் இது நம்மள ஏமாத்துகு" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். உப்பு இருந்தால் கொஞ்ச ஈரத்திலேயே மின்சாரம் தாராளமாக ஓடிவிடும். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், "இதில் என்ன குறை?" என்று கேட்டார்.

"உப்பு மண்ணுல பொய் சொல்லும் சார்" என்றாள் தோழி.

"உப்புதான் காரணம்னு எப்படி உறுதி பண்ணினீங்க?"

நான் பாடப்புத்தகத்துப் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள்: "நக்கிப் பாத்தேன் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இனிமே மண்ணை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி நல்ல மதிப்பெண்ணும் போட்டார்.

திரும்பும்போது பேருந்தில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி ஒருவரை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் வெடித்துச் சிரித்தோம். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "என்னத்துக்கு மக்கா இந்தச் சிரிப்பு?" என்றார். ஊர்ப் பெயரைச் சொல்லக்கூட எங்களுக்கு மூச்சு வரவில்லை.