மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஐசி நம்பர் கேட்டேன்

என்னைப் பெண் பார்க்கச் சித்தியவானிலிருந்து வந்தார்கள். அன்று காலைதான் ஈப்போ ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிப்டை ஒட்டுக்கு முடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். என்னை மாற்றிவிட வேண்டியவள் காய்ச்சல் என்று வரவில்லை. வார்டில் அது புதிதுமில்லை.

மாப்பிள்ளையை எனக்கு முன்பே தெரியும், ரொம்பப் பிடிக்கும். பயமெல்லாம் அவர் அம்மாமேல்தான். நர்ஸ் வேலை பார்க்கிறவள் வீட்டில் எங்கே தங்கப்போகிறாள் என்று கேட்டிருந்தாராம். அவர் வேண்டாம் என்றால் முடிந்தது, பிள்ளை அம்மா சொல்லைத் தட்டாத ரகம்.

அதனால் அடக்க ஒடுக்கமாக இருப்பது என்று முடிவெடுத்திருந்தேன். ஆனால் தூக்கம் ஒரு அளவுக்குமேல் கெட்டுப்போனால் எல்லாமே வேடிக்கையாகிவிடும். சாமி படத்துக்குப் போட்டிருந்த கலர் பல்பு மின்னுவதைப் பார்த்துக் கெக்கே பிக்கே என்று சிரித்தேன். சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்த அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தார்.

டீ டம்ளர்களோடு ட்ரே கைக்கு வந்ததும் கால் தானாக வார்டு நடை நடந்தது. மாத்திரை கொடுக்கும்முன் பேரும் ஐசி என்கிற அடையாள அட்டை நம்பரும் கேட்டு ஆள் சரிதானா என்று பார்த்தாக வேண்டும், வருஷக்கணக்காக வாயில் ஊறிப்போன வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் குனிந்தேன்.

"ஆண்ட்டி, முழுப் பேரு, ஐசி நம்பர் சொல்லுங்க. அலர்ஜி ஏதும் இருக்கா?"

அப்பா மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். அந்த அம்மாவோ நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பா பேரோடு தன் பேரைச் சொல்லி, ஐசி நம்பரைத் தடங்கலில்லாமல் ஒப்பித்து, இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்றும் சேர்த்துச் சொன்னார். நல்லது, இப்போது குடிக்கலாம் என்று டம்ளரை நீட்டினேன்.

அப்புறம்தான் உறைத்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ட்ரேயை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. முடியவில்லை ஆண்ட்டி, ரொம்ப அசதியாக இருக்கிறது என்றேன். வார்டில் இதை யாரிடமும் சொன்னதில்லை, அங்கே எல்லாருக்கும் அதே நிலைமை.

கடைசியாக எப்போது தூங்கினாய் என்று அந்த அம்மா கேட்டார். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன், நடுவில் கணக்குத் தப்பிவிட்டது. அவர் என் அம்மா பக்கம் திரும்பினார்.

"பொண்ண பாத்தாச்சு லா. போய்ப் படுக்கச் சொல்லுங்க."

நான் எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, வந்தவர்களும் போயிருந்தார்கள், வடையும் தீர்ந்திருந்தது. அவர்களுக்குச் சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார் அம்மா. வேலையை விடச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வாரம் லீவு போட்டுத் தூங்க வேண்டுமாம், அவ்வளவுதான்.

ஒரு வாரம் கேட்டேன். வார்டில் ஆள் இல்லை, கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம்தான் விட்டார்கள். மணவறையில் புகை மூட்டத்துக்கு நடுவே என் கண் சொக்கி மூடிக்கொண்டது. பெண்ணுக்கு எவ்வளவு பக்தி என்று சொந்தக்காரர்கள் பூரித்துப்போனார்கள். பின்னால் நின்ற மாமியார் மட்டும் என் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தார்.

"தூங்கும்மா. தாலி கட்டுறப்ப எழுப்புறேன்."